ஆறு மணிக்கு வந்த மெசேஜ்கள்

1. ரிஜிஸ்டரில் ஒரு டிக்

மும்பை தாராவியில் ஒரு பள்ளியில் இருபத்தாறு வருடம் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். பிள்ளைகளின் ஆன்லைன் பாதுகாப்புக்கு சர்க்குலர் அனுப்பிவிட்டு வேலை முடிந்ததென்று நினைக்கும் இளம் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் லேப் முடிந்து எல்லோரும் போன பிறகும் ஐந்தாம் வகுப்பு ரிஸ்வானா மட்டும் கீபோர்டு உறைகளை அடுக்குகிற சாக்கில் நின்றுகொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒருத்தங்களுக்கு அனுப்புன போட்டோவத் திரும்ப எடுக்க முடியுமா?"

துருவிக் கேட்டேன். போனில் ஒரு கேம். அதில் பிங்கி என்று ஒரு சிநேகிதி. பத்து வயதாம், வீடு காட்கோபராம். யூனிஃபார்மோடு ஒரு போட்டோ கேட்டாளாம், இவளும் அனுப்பிவிட்டாள். இப்போது உன் உம்மா எத்தனை மணிக்கு வருவாள், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்கிறாளாம்.

எனக்குப் பயமாகிவிட்டது. பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும், என் சுபாவம் அது.

"புத்தி இருக்கா உனக்கு? அந்தப் பக்கம் யார் இருக்கான்னு தெரியாதுன்னு கிளாஸ்ல எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! உங்கம்மாட்ட சொல்லி மொதல்ல அந்தப் போனைப் பிடுங்கி வைக்கச் சொல்றேன்" என்று கத்தினேன். அவள் பையை மாட்டிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் உம்மா மைமூனின் நம்பருக்கு, இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக, எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தன. பத்து நிமிடத்தில் பதிலும் வந்தது: "சரி டீச்சர். கேமை எடுத்துட்டேன். போனை நானே வச்சுக்கிடுதேன். தேங்க்ஸ்."

மறுநாள் ரிஜிஸ்டரில் 'பேரன்ட் இன்ஃபார்ம்ட்' என்று எழுதி ஒரு டிக் போட்டேன். இவ்வளவு பொறுப்பான அம்மா எல்லோருக்கும் வாய்க்குமா என்று ஸ்டாஃப் ரூமில் பெருமை வேறு.

2. சாப்பிட்டீங்களா டீச்சர்

அடுத்த வாரம் மைமூனிடமிருந்து இன்னொரு மெசேஜ். "டீச்சர் சாப்டீங்களா?" மணி ஆறு. அந்த நேரத்தில் யார் சாப்பிடுவார்கள்? ஆனாலும் "இனிமேல்தான், உப்புமா" என்று பதில் போட்டேன். மறுநாளும் ஆறு மணிக்கு வந்தது. பிறகு தினமும்.

மாட்டுங்காவில் ஒற்றை அறையும் சமையலறையுமாகத் தனியாக இருப்பவள் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கே அது பாடமாகிவிட்டது. பெற்றோர்கள் எனக்கு மெசேஜ் போட்டால் மார்க்கைப் பற்றிக் கேட்பார்கள், இல்லையென்றால் லீவு கேட்பார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்.

"ஒத்தையில இருக்கப் பயமா இல்லையா டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ரேடியோவைப் போட்டு வச்சுடுவேன். பேச்சுக் குரல் கேட்டா வீடு வெறிச்சுன்னு இருக்காது" என்று எழுதினேன்.

"எங்க வீட்டுல ரேடியோ இல்ல டீச்சர்."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஐந்து வாரம் இப்படியே போயிற்று. ஐந்தே முக்காலுக்கே போனைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டேன்.

3. ஓப்பன் டே

ஒரு வெள்ளிக்கிழமை ஓப்பன் டே, பெற்றோர் வந்து ஆசிரியர்களைப் பார்க்கும் நாள். மைமூன் மகளோடு வந்தாள். நான் பழகிய சிநேகிதியைப் பார்த்தவள்போல எழுந்து நின்று, "வாங்க, நேத்து என் உப்புமாவைக் கேலி பண்ணினீங்களே!" என்று சிரித்தேன். அவள் திருதிருவென்று விழித்தாள்.

"நானா? எனக்கு எழுதவே வராதே டீச்சர், கையெழுத்து மட்டுந்தான் போடுவேன். அவ வாப்பா கல்யாண் ஊர்ல பேக்கரியில தங்கி வேலை பாக்காவ, ஞாயித்துக்கிழமைதான் வருவாவ. நான் பட்டறையில பேக்குக்கு ஜிப் தைக்கேன், வீட்டுக்கு வர ஏழு மணி ஆயிரும். புள்ள ஒத்தையில கெடக்காளேன்னு போனை அவகிட்டயே வச்சிட்டுப் போறேன். ஸ்கூல் மெசேஜ் வந்தா அவதான் வாசிச்சுச் சொல்லுவா."

ரிஸ்வானா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைப் பற்றி நான் அனுப்பிய எச்சரிக்கையை அவளேதான் வாசித்து, அவளேதான் பதிலும் எழுதியிருக்கிறாள்.

மைமூனிடம் கேட்டுப் போனை வாங்கித் திறந்தேன். கேம் அப்படியே இருந்தது. பிங்கியின் கடைசி மெசேஜ் ஹிந்தியில்: சனிக்கிழமை காட்கோபர் ஸ்டேஷன் பிரிட்ஜுக்கு வா, வீட்டில் சொல்லாதே. அதன் கீழே ரிஸ்வானா 'சரி' என்று போட்டிருந்தாள்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க!" என்று மைமூன் கையை ஓங்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அடிக்காதீங்க. அடிச்சா இனிமே எதையும் சொல்லவே மாட்டா. மொதல் தடவை எங்கிட்ட சொல்ல வந்தா, நான் கத்தி விரட்டிட்டேன்."

ரிஸ்வானா அழுதுகொண்டே சொன்னாள். "போனைப் புடுங்கிட்டா ஏழு மணி வரைக்கும் நான் யார்கிட்ட பேச? பிங்கியும் டீச்சரும்தான் திருப்பிப் பேசுதாங்க."

அந்த இரண்டு பெயரும் ஒன்றாக வந்ததைக் கேட்டு எனக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது என வருடா வருடம் போர்டில் எழுதிப் போட்டவள் நான். ஐந்து வாரம் ஒரு பத்து வயதுப் பெண்ணிடம் அவள் அம்மா என்று நினைத்துப் பேசியிருக்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்டதும் நானும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அவளைப் போலவே.

எதையும் அழிக்காமல் போனை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். பிங்கி யார் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை ரிஸ்வானா உம்மாவோடு பட்டறையில் இருந்தாள். எனக்கு அது போதும்.

4. அதற்குப் பிறகு

இப்போது அந்தப் பள்ளியில் இப்படி ஒரு விஷயம் என்றால் மெசேஜ் போடுவதில்லை. பெற்றோரைக் கூப்பிட்டு, அவர்கள் பேசுகிற தமிழிலேயே முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். பிள்ளை தானாக வந்து சொன்னால் போனைப் பிடுங்குவதில்லை, திட்டுவதுமில்லை. வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகளுக்காக லேப் ஏழு மணி வரை திறந்திருக்கிறது. கேரம் போர்டும் உண்டு. அங்கே வருகிற பிள்ளைகளின் பட்டியலில் முதல் பெயர் ரிஸ்வானாவுடையது.

நான் கற்றது இவ்வளவுதான். பிள்ளை போனில் என்ன பார்க்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அந்த நேரத்தில் அதனோடு பேச வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

இப்போது ஆறு மணிக்கு அவள் லேபில் மற்ற பிள்ளைகளோடு கத்திக்கொண்டிருப்பாள். என் போன் சும்மா கிடக்கிறது. அது நல்ல செய்தி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஐந்தே முக்காலுக்கு அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.