ஆபீசர் சட்டையில் கவிழ்ந்த கார்கள்

தையல்கடை மாஸ்டருக்கு அந்தத் தெருவில் இரண்டு விஷயத்தில் பேர். டிசைன் துணியை அவர் வெட்டினால் கோடு கோட்டோடு சேரும், பூ பூவோடு சேரும், இம்மியும் பிசகாது. கார் ஓட்டிக்காட்டும் டெஸ்டுக்குப் போனாலோ ஆறு தடவையும் ஃபெயில். ஒரு தடவை இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டார், மழையே இல்லை. இன்னொரு தடவை ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே இருபதடி உறுமிக்கொண்டு போனார். மற்ற நாலையும் சொன்னால் மனுஷன் அழுதேவிடுவார், விடுங்கள்.

வீட்டுக்காரி முதல் தடவையிலேயே பாஸ். தினமும் அவரைக் கடைவாசலில் கொண்டுவந்து இறக்குவாள். எதிர்க்கடைக்காரர் காதில் விழுகிற மாதிரி, "கதவை நானே சாத்திக்கறேன், நீங்க இறங்குங்க போதும்" என்பாள். அவமானம் அவரைப் பிடுங்கித் தின்னும். ஒரே ஒரு நாள் அவளைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து ஓட்டிவிட வேண்டும். அதற்காகத்தான் ஏழாவது தடவையும் எழுதிக்கொடுத்திருந்தார்.

இந்த நேரம் பார்த்து, ஆறு தடவையும் அவரை ஃபெயிலாக்கிய லைசென்ஸ் ஆபீசரே ஒரு துணியோடு கடைக்குள் நுழைந்தார். வெள்ளைத் துணி முழுக்கப் பழைய காலத்து ரேஸ் கார்கள். நீள மூக்கும் உருண்டை விளக்குமாகச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஓடிக்கொண்டிருந்தன. லீவு நாளில் போட அரைக்கைச் சட்டை வேண்டுமாம். மாஸ்டர் துணியை மேஜையில் விரித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். பட்டனைப் போட்டால் இந்தப் பக்கத்துப் பாதிக் காரும் அந்தப் பக்கத்துப் பாதிக் காரும் ஒட்டி முழுக் காராகிவிடும், அப்படி ஒரு வேலை. நெஞ்சுப் பையை மட்டும் கடைசியில், ஆபீசர் எதிரே நின்று மணி பார்க்கப் பார்க்க, அவசர அவசரமாக வைத்துத் தைத்தார்.

டெஸ்டு நாளும் வந்தது. ஆபீசருக்கு லீவு வரை பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது, அந்தச் சட்டையிலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. நேராகப் போகச் சொல்லி ஆபீசர் திரும்பியபோதுதான் மாஸ்டர் கண்ணில் அந்தப் பை பட்டது. அடக் கடவுளே! பையிலிருந்த மூன்று கார்களும் மல்லாந்து கிடந்தன, சக்கரமெல்லாம் வானத்தைப் பார்த்தபடி.

அதற்கப்புறம் டெஸ்டாவது ஒன்றாவது. இருபது வருஷப் பேர் இப்படி ஊர் பார்க்க ஆபீசர் நெஞ்சில் கவிழ்ந்து கிடக்கிறதே என்று மாஸ்டருக்குப் பதறியது. ஓரமாக நிறுத்திக் காட்டச் சொல்ல ஆபீசர் வாயெடுப்பதற்குள் கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டரைப் போட்டார், பின்னால் வந்த லாரிக்கு வழிவிட்டார், ஓரத்துக் கல்லை ஒட்டி நூல் பிடித்த மாதிரி நிறுத்தினார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பிறகு நூல் வெட்டும் சின்னக் கத்தரியைக் கையில் எடுத்தார்.

ஆபீசர் கத்தரியைக் கவனிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் இவ்வளவு சுத்தமாக நிறுத்தியதில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார்.

"பாஸ் மாஸ்டர். வீட்டுல போய்ச் சொல்லுங்க."

"அது இருக்கட்டும் சார்," என்றார் மாஸ்டர். "முதல்ல சட்டையைக் கழட்டுங்க."