மீராவும் மாரியும் ஒன்றான கதை

பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, அருப்புக்கோட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைக்கிறாள் தேவிபிரியா. வீட்டில் கன்னடம், கடையில் தமிழ். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண் எரியும். சாயங்காலம் எந்த மொழியிலும் பேசத் தோன்றாது.

கல்யாணப் படங்களைப் பெண் பெயரிலோ மாப்பிள்ளை பெயரிலோ தமிழிலேயே போல்டர் போட்டு வைப்பாள். பெயர்களுக்குள் இருந்த அடைப்புக்குறியும் இடைவெளியும் அச்சுக்கு அனுப்பும்போது தொல்லை கொடுத்தன. அவற்றை நீக்கி, எல்லாவற்றையும் புது ஹார்டு டிஸ்க்குக்கு மாற்ற ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். எழுத்தையும் எண்ணையும் தவிர மற்றதை எடுத்துவிடு என்று அதில் ஒரு வரி. இங்கிலீஷ் பெயர்களில் போட்டுப் பார்த்தாள், சரியாக வந்தது. பழைய டிஸ்க்கை அழித்து வேறு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

சில மாதம் கழித்துத் திருச்சுழிப் பக்கமிருந்து சோலைச்சாமி வந்தார். மனைவியின் வருஷ நினைவு நாளுக்குப் படம் வேண்டுமாம். மகள் மீரா கல்யாணத்தில் எடுத்தது.

"அவ சிரிச்சிருக்கது அந்தப் படத்துல மட்டுந்தாம்மா."

மீரா என்று தேடினாள். வரவில்லை. 'மர' என்று ஒரு போல்டர் இருந்தது. திறந்தால் மாரி என்கிற மாப்பிள்ளையின் கல்யாணம்.

தான் எழுதிய புரோகிராமைத் திறந்து பார்த்தாள். எழுத்தோடு சேரும் துணைக்காலையும் சுழியையும் புள்ளியையும் கணினி தனித்தனிக் குறியாக வைத்திருக்கிறது. அவள் எழுதிய வரி அவற்றை எழுத்தாக மதிக்காமல் உதிர்த்துவிட்டது. மீராவும் மர, மாரியும் மர. உள்ளே படங்களுக்கு வெறும் வரிசை எண்தான் பெயர். பின்னால் வந்த, எண்ணிக்கையிலும் கூடுதலான மாரியின் படங்கள் மீராவின் படங்கள் மேலேயே பதிந்துவிட்டன.

"அழிஞ்சிருச்சுங்கய்யா. என் தப்புதான். ஆல்பம் இருக்கா?"

"மக வீட்டுல மழைத்தண்ணி எறங்கி, பக்கமெல்லாம் ஒட்டிக்கிருச்சு."

அச்சுக்கு அனுப்பிய பழைய மெயிலைத் தேடி எடுத்தாள். ஆல்பப் பக்கம் ஒன்றின் மூலையில், பந்தியில் உட்கார்ந்து அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். பெரிதாக்கினால் முகம் கலங்கியது.

"தெளிவா வராதுங்கய்யா."

அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "அவதான். இதையே போட்டுக் குடும்மா."

அவர் போன பிறகு அந்த வரியைத் திருத்தினாள். குறிகள் எழுத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும், அதே பெயர் ஏற்கெனவே இருந்தால் மேலே எழுதாமல் நிற்க வேண்டும். இந்தத் தடவை தமிழ்ப் பெயர்களை, அதுவும் நகலில் போட்டுப் பார்த்தாள்.

"இன்னும் யாரு படமெல்லாம் போயிருக்கு?" என்றார் முதலாளி பாலையா.

"தெரியலண்ணே. தேடி வந்தாத்தான் தெரியும்."

காரியாபட்டிக் கல்யாணம் ஒன்றின் படங்கள் காத்திருந்தன. அதைத் திறந்தாள்.