முட்டி மடக்காமல் பத்து மீட்டர்

ஆண்டர்சன்பேட்டையைத் தாண்டிப் புதிதாகத் திறந்திருந்த நீச்சல் குளத்தில், ஐந்து வயதுக் குழந்தைகளுக்குக் கோடை வகுப்பு என்று வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. அதை நான் ஆறு முறை படித்தேன். ஆறாவது முறைதான் கடைசி வரி கண்ணில் பட்டது. குழந்தையுடன் பெற்றோரில் ஒருவர் தண்ணீரில் இறங்க வேண்டும். அந்த ஒருவர் வகுப்பு தொடங்குவதற்குள் குளத்தின் குறுக்கே பத்து மீட்டர், கால் ஊன்றாமல் நீந்திக் காட்ட வேண்டும்.

கணவருக்கு நீச்சல் தெரியும். ஆனால் அவர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். வகுப்போ வாரநாட்களில், காலை பதினொரு மணிக்கு.

"நீயே கத்துக்கோயேன். ஒரு மாசம் கீதே," என்றார், புதிதாக ஏதோ குழம்பு வைக்கச் சொல்வதுபோல.

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் மகள் தன் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். மறுநாள் பள்ளி வாசலில் அவளுடைய மிஸ் என்னைப் பார்த்து, "அம்மாவும் பொண்ணும் ஸ்விம்மிங்காமே, சூப்பர்," என்றார். பெயர் கொடுத்துவிட்டேன். பிறகு இரண்டு நாள், குளோரின் குழந்தையின் தோலுக்கு ஆகுமா, காதில் தண்ணீர் போனால் எந்த டாக்டரிடம் போவது என்று கைபேசியில் தேடிக்கொண்டிருந்தேன். நான் மூழ்கினால் என்ன ஆகும் என்று தேட மறந்துபோனது.

பெண்களுக்கான பயிற்சி வகுப்பில் முதல் நாள் குளத்தைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, இது எத்தனை டிரம் இருக்கும் என்பதுதான். எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருவதே சில நாட்களுக்கு ஒருமுறை. பிடித்து மூடி வைத்த டிரம்மில் கையை விட்டாலே முதுகில் ஒன்று விழும் வீட்டில் வளர்ந்தவள் நான். இவ்வளவு தண்ணீரில் காலையே வைப்பது ஏதோ தப்பு செய்வதுபோல இருந்தது.

கற்றுக்கொடுத்தவள் பங்காரப்பேட்டையிலிருந்து வரும் இருபத்திரண்டு வயதுப் பெண். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். கம்பியைப் பிடித்துக் குப்புறப் படுத்துக் காலை உதைக்கச் சொன்னாள்.

"அக்கா, காலை நீட்டுங்க."

"நீட்டித்தான் இருக்கேன்."

"இல்லக்கா, சேர்ல உக்காந்த மாதிரி இருக்கீங்க. சும்னே பயப்படாதீங்க, மார்பளவு தண்ணிதானே."

நான் பயப்படவில்லை. அதாவது, பயந்தேன், ஆனால் அதற்கும் முட்டிக்கும் சம்பந்தமில்லை. நீட்டு என்று நான் சொன்னால் முட்டி நீளும். கையைக் கம்பியிலிருந்து எடுத்ததும் அது தானாக மடங்கும். உடனே இடுப்பு கீழே போகும், தண்ணீர் வாய்க்குள் வரும். ஒரு வாரம் இதே கதை. வீட்டில் காய் நறுக்கும்போதுகூட முட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

எங்களோடு ஒரு தையல்கடைக்கார அக்கா வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது, மூட்டுவலிக்காக நீந்த வந்தவர். இரண்டாவது வாரம் அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாம்மா, தண்ணிக்குள்ள சைக்கிள் மிதிக்கிறியா? உன் ஊடு எந்தப் பக்கம்? சாம்பியன் ரீப்ஸா?"

"ஸ்கெலட்டன்."

"அப்பா மைன்ஸ்ல அண்டர்கிரவுண்டா?"

"ஆமா."

"அதான் கேஜ்ல இறங்குற மாதிரியே இறங்குற! நானும் மைன்ஸ் ஊட்டுப் பொண்ணுதான், எனக்கும் முதல்ல இப்படித்தான் மடங்குச்சு."

பங்காரப்பேட்டைப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டுதான் கேஜ். அது சட்டென்று இறங்கும்போது கம்பியைப் பிடித்து, முட்டியை மடக்கி நிற்க வேண்டும் என்பார் அப்பா. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் எங்கள் வீட்டு வரிசைப் பிள்ளைகள் அதை விளையாட்டாகவே ஆக்கியிருந்தோம். வாசல் நிலைதான் கேஜ். ஒருவர் வாயால் மணியடிப்பார். "இறங்குது" என்றால் நிலையைப் பிடித்துக்கொண்டு முட்டியை மடக்க வேண்டும். "மேல வருது" என்றால் குதிகாலைத் தூக்கி, இரண்டு கையையும் நீட்டி, நிலையின் மேல்கட்டையைத் தொட எம்ப வேண்டும். சுரங்கத்தை மூடியபோது நான் சின்னப் பெண். விளையாட்டை யாரும் மூடவில்லை. இப்போதும் மகளும் நானும் சமையலறை வாசலில் ஆடுகிறோம். லிப்டோ ராட்டினமோ, காலடியில் தரை நழுவினால் எங்கள் முட்டி எங்களைக் கேட்காமலே மடங்கிவிடும்.

காரணம் தெரிந்ததால் முட்டி நிமிர்ந்துவிடவில்லை. மாதக் கடைசி சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை குழந்தைகள் வகுப்பு; சனிக்கிழமை மதியத்துக்குள் நான் நீந்திக் காட்டாவிட்டால் மகளின் இடம் காத்திருக்கும் இன்னொரு குழந்தைக்குப் போய்விடும். கணவருக்கு அந்தச் சனிக்கிழமையும் வேலை. மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் என் துண்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

முதல் முறை ஆறு மீட்டரில் கால் ஊன்றிவிட்டேன்.

"இன்னொரு சான்ஸ் இருக்கு அக்கா," என்றாள் அந்தப் பெண், கடிகாரத்தைப் பார்த்தபடி.

"அம்மா, நம்ம பேரை எடுத்துருவாங்களா?" என்று மகள் கேட்டாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். மறுபடி தண்ணீரில் முகத்தை வைத்தேன்.

ஐந்து மீட்டர் வரை சரியாகத்தான் போனேன். பிறகு கால் கனத்தது. முட்டி மடங்குவது எனக்கே தெரிந்தது. மூச்சுக்குத் தலையைத் தூக்கினேன்.

"அம்மா! கேஜ் மேல வருது!"

கரையில் மகள் குதிகாலைத் தூக்கி, கையை வானத்துக்கு நீட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். துண்டு தண்ணீரில் மிதந்தது. தையல்கடை அக்காவும் சேர்ந்துகொண்டு, "டிங்! டிங்! மேல வருதும்மா, ஏறு ஏறு!" என்றார்.

நான் எதையும் யோசிக்கவில்லை. யோசிக்காமல் நான் செய்த காரியங்கள் என் வாழ்க்கையில் குறைவு. கை இரண்டும் மேல்கட்டையைத் தேடி நீண்டன. குதிகால் நீண்டது. நடுவில் இருந்த முட்டிக்கு வேறு வழியில்லை. உடம்பு பலகைபோல மேலே வந்து நின்றது. உதைத்தேன், உதைத்தேன், நகம் ஒடிகிற வேகத்தில் எதிர்ச்சுவரில் போய் இடித்தேன்.

"பாஸ்!" என்று அந்தப் பெண் குதித்தாள். "இத்தனை நாள் எங்கக்கா வச்சிருந்தீங்க இந்தக் காலை?"

திங்கட்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டதுதான் தாமதம், கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு முட்டியையும் மடக்கி என் வயிற்றில் புதைத்தாள்.

"அய்யோ தேவரே, இதுவுமா?" என்று அந்தப் பெண் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"இருக்கட்டும்," என்றேன். "இப்பதான் இறங்குது."