அவர் கேட்ட மன்னிப்பு

தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஒன்றிய அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். தூர்வாராத வாய்க்காலுக்குத் தூர்வாரியதாகக் கணக்கு எழுதியது எப்படி என்று கேட்டு, குத்தகை விவசாயி செல்வி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு கொடுத்திருந்தார்.

"யாரு சார் போட்டது?" என்று அந்த வாய்க்கால் வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் கேட்டார். மனுவை அப்படியே அவரிடம் நீட்டினேன்.

அந்த வாரமே செல்வியின் கதிர் வந்த பயிர் முழுவதும் யாரோ களைக்கொல்லி அடித்ததில் கருகிக் கிடந்தது.

செல்வி அலுவலகத்துக்கு வந்தார். "சார், என் பேரை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லைங்கம்மா."

"உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சிருங்க சார்" என்று கைகூப்பினார்.

நான் தலையாட்டினேன்.

செல்வி நிலத்தை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். மருந்தடித்தவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. காட்டிக்கொடுத்தவன் யாரென்று எனக்கு மட்டும் தெரியும்.