ஷமீமாவின் மூக்கு

அறுவடைக் காலம் வந்தால் பாபநாசத்தில் இருக்கும் என் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் தும்மல் கச்சேரிதான். பனி ஒரு பக்கம், நெல் தூசி ஒரு பக்கம். உள்ளே வரும்போதே நோயையும் சொல்லிவிடுவார்கள் – "எனக்கு சைனஸ் டாக்டரம்மா!"

சைனஸ் என்பது நோயே இல்லை. முகத்து எலும்புக்குள் எல்லோருக்கும் இருக்கிற காற்றறை. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

இந்தத் தை மாதம், வயலெல்லாம் பனிக்குள் மிதந்த ஒரு காலையில், வலங்கைமானிலிருந்து ஷமீமா வந்தார். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த கணவர் யூசுப்தான் பேசினார்.

"அடுப்புல பால் தீஞ்சு வீடெல்லாம் புகை டாக்டர். இவ அடுத்த ரூம்ல உட்கார்ந்து துணி மடிச்சிட்டிருக்கா. ஒண்ணுமே தெரியலங்கறா. நாளைக்கு கேஸ் கசிஞ்சா? வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு..."

"எவ்வளவு நாளா வாசனை தெரியலம்மா?"

ஷமீமா தலை நிமிரவில்லை. "வருஷத்துக்கு மேல இருக்குங்க."

யூசுப் திடுக்கிட்டார். "எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொன்னா வேலைய விட்டுட்டு வந்துருவீங்க..."

மூக்குக்குள் பார்த்தேன். இரண்டு பக்கமும் உரித்த திராட்சை மாதிரி சதை வளர்ந்திருந்தது. வாசனை உள்ளே போக வழி எங்கே இருக்கிறது?

மருந்துக்குக் கேட்கவில்லை. தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்தோம். யூசுப் லீவை நீட்டித்துக்கொண்டு கூடவே இருந்தார். மூச்சு சீரானது. வாசனை மட்டும் வரவில்லை. "வரலாம்... வராமலும் போகலாம், பொறுத்துப் பார்ப்போம்" என்றேன். யூசுப் மனசில்லாமல்தான் விமானம் ஏறினார்.

போன வாரம் ஷமீமா தனியாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாராம். ஜன்னலுக்கு வெளியே உளுந்து வயலின் பச்சை ஓடிக்கொண்டே இருக்கிறது. அரைத் தூக்கம். எங்கிருந்தோ மெல்ல... யாரோ கூப்பிடுகிற மாதிரி ஏதோ ஒன்று. கனவுதான் என்று கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் போய்விடுமோ என்று பயம். மறுபடியும் வந்தது. உப்பு... கடல்... வெயில்...

கண்ணைத் திறந்தால், பக்கத்து சீட்டு அம்மாவின் மடியில் ஒரு கருவாட்டுப் பை!

பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது. "இதைப் போயி பஸ்ல ஏத்தலாமாம்மா?" என்று கண்டக்டர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஷமீமா மட்டும் அந்தப் பையின் பக்கம் சாய்ந்து, நெஞ்சு நிறைய இழுத்தாராம். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியதாம்.

உடனே துபாய்க்கு போன்.

"என்னங்க... கருவாடு நாறுதுங்க!"

அந்தப் பக்கம் யூசுப் அழுவது கேட்டதாம்.

பழைய தமிழில் 'நாற்றம்' என்றால் நறுமணம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே... எனக்கு அர்த்தம் போன வாரம்தான் புரிந்தது!