அறுபதில் நின்ற போல்ட்கள்

காலை ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு நான் போனபோது இன்ஜின் நின்றுபோயிருந்தது. அடியில் தண்ணீரும் ஆயிலும் கலந்து, பால் அதிகமாகிவிட்ட டீ நிறத்தில் தேங்கிக் கிடந்தது. இன்ஜினின் ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பிளாக்குக்கும் நடுவே போடும் அடைப்புத் தகடு, ஹெட் கேஸ்கெட், போய்விட்டது என்று சொல்லப் படிப்பு தேவையில்லை. அந்தக் கேஸ்கெட்டை முந்தின நாள் போட்டது நாங்கள்தான்.

எழுபதுகளின் இறுதி அது. நெய்வேலிச் சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை வெளியேற்ற கரண்ட் பம்புகள் இரவும் பகலும் ஓடும். கரண்ட் போனால் கைகொடுக்க எங்கள் செக்‌ஷனில் ஒரு டீசல் பம்ப் இருந்தது. அதன் இன்ஜின் நான் பிறப்பதற்கு முன் சீமையில் வார்த்தது. நான்கு சிலிண்டர், ஒரே ஹெட், பதினெட்டு போல்ட். செய்த கம்பெனியையே மூடிவிட்டார்கள். ஸ்டோரில் அதற்கான கேஸ்கெட் இரண்டு இருந்தன, இப்போது ஒன்று. ஐப்பசி மழைக்குப் பத்து நாள் இருந்தது.

நான் சார்ஜ்மேன், ஷிஃப்ட் வேலைக்குப் பொறுப்பு. டிப்ளமா, முதல் வகுப்பு. மேனுவலைப் பக்க எண்ணோடு சொல்வேன். என்னோடு வேலை பார்த்த கோவிந்தன் காண்ட்ராக்ட் ஃபிட்டர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்புகளில் ஆயில் இன்ஜின் ரிப்பேர் செய்து பழகியவர். மறு வாரம் அவருக்கு பர்மனென்ட் இன்டர்வியூ. அதற்கு எங்கள் அசிஸ்டென்ட் இன்ஜினியர், ஏ.இ., அவரைப் பற்றி ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். அந்த ஒரு வரிதான் எல்லாம்.

முந்தின நாள் ஹெட்டையும் பிளாக்கையும் சுரண்டிச் சுத்தம் செய்தோம். போல்ட் துளையின் அடியில் எண்ணெய் தங்கினால் போல்ட் முழுக்க இறங்காது. மேலும் இறுக்கினால் பிளாக்கே வெடிக்கும். இதை நான் கோவிந்தனுக்கு விளக்கத் தொடங்கினேன். அவர் கம்பியில் துணி சுற்றிப் பதினெட்டாவது துளையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க சார், கேட்டுக்கினுதான் இருக்கேன்" என்றார்.

போல்ட்டை நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போகும் வரிசையில், மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். முதல் சுற்று முப்பது பவுண்ட், அடுத்தது அறுபது, கடைசி தொண்ணூறு. எவ்வளவு இறுக்கம் என்று முள் காட்டும் டார்க் ரென்ச் செக்‌ஷனுக்கே ஒன்று. அது என் கையெழுத்தில், என் பீரோவில், என் சாவிக்குள் இருக்கும். அறுபது முடிந்தபோது இரண்டு மணி சங்கு ஊதியது. ஷிஃப்ட் பஸ் பத்து நிமிடம்தான் நிற்கும்.

"இன்னும் ஒரு சுத்துதான சார், முடிச்சிட்டுப் போயிடலாம்."

"பஸ் போயிடும். நாளைக்குக் காலையில முதல் வேலை இதுதான்."

"அப்ப ரென்ச்ச குடுத்துட்டுப் போங்க. நான் முடிச்சி வெக்கிறேன்."

"அது என் பேர்ல இருக்கு கோவிந்தன். வெளியே விட முடியாது."

விதி அப்படித்தான். ரென்ச்சைத் துடைத்துப் பூட்டினேன். லாக் புக்கில், 'ஹெட் பொருத்தப்பட்டது. போல்ட்கள் வரிசைப்படி இறுக்கப்பட்டன' என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.

செகண்ட் ஷிஃப்ட்காரர்கள் அதைப் படித்தார்கள், தண்ணீர் நிரப்பினார்கள், இன்ஜினை ஓட்டினார்கள். வேறென்ன செய்வார்கள்?

மறுநாள் எட்டு மணிக்கு ஏ.இ. வந்தார். கோயம்புத்தூர்க்காரர், குரல் உயர்த்தாதவர். லாக் புக்கைப் பார்த்தார்.

"உங்க என்ட்ரி கரெக்டா இருக்குதுங்க. டைட் பண்ணுனது யாரு?"

"கோவிந்தன் சார்." இதுவும் பொய் இல்லை.

"அதானுங்க. காண்ட்ராக்ட் ஆளு கையில ஹெட்டக் குடுத்தா இப்படித்தான் ஆகும். ரிப்போர்ட்ல அப்படியே எழுதிருங்க."

கோவிந்தன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஏ.இ. அறைக்குள் போன பிறகுதான் பேசினார்.

"ரென்ச்சு உங்க பீரோவுல தூங்கிக்கினு இருந்திச்சி. நான் பல்லால கடிச்சா சார் டைட் பண்றது?"

ரிப்போர்ட் படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். பழுதுக்கான காரணம் என்று சில கட்டங்கள் இருந்தன. உதிரிபாகக் குறை, எண்ணெய்க் குறை, தொழிலாளி கவனக்குறைவு. சார்ஜ்மேனுக்குக் கட்டம் இல்லை. தொழிலாளி கட்டத்தில் டிக் போட்டால் வேலை முடிந்தது. கோவிந்தனின் இன்டர்வியூவும் முடிந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு ஏ.இ. அறைக்குப் போனேன்.

"சார், ஹெட்டைக் கழட்டறதுக்கு முன்னால நீங்க ஒருதடவை வந்து பாக்கணும்."

கோவிந்தனிடம் ரென்ச்சைக் கொடுத்து ஒவ்வொரு போல்ட்டையும் மேலும் இறுக்கச் சொன்னேன். எந்த எண்ணில் அசைகிறது என்று நானும் ஏ.இ.யும் முள்ளைப் பார்த்தோம். கேஸ்கெட் போன இடத்தைச் சுற்றிய நான்கு போல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தன. மற்றவை எல்லாம் அறுபதைத் தாண்டியதும் அசைந்தன. ஒன்றுகூட முன்னே பின்னே இல்லை. பத்தாவது போல்ட்டில் ஏ.இ. முள்ளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே அளவுல நிக்குதுங்களே."

"ஆமா சார். கைவேலையில குறை இல்ல. தொண்ணூறு நடக்கவே இல்ல. அவர் முடிக்கிறேன்னுதான் சொன்னார். நான்தான் ரென்ச்சப் பூட்டிட்டுப் போனேன். லாக்லயும் அதை எழுதல."

"ஏனுங்க?"

"பஸ்."

"பஸ்ஸுன்னு ரிப்போர்ட்ல எழுத முடியாதுங்க."

"என் பேரை எழுதலாம் சார்."

எழுதினார். எனக்கு மெமோ வந்தது. அதன் ஆங்கிலம் சுமார்தான்.

அன்றைக்கே கடைசிக் கேஸ்கெட்டைப் போட்டோம். இம்முறையும் அறுபது முடிந்தபோது சங்கு ஊதியது. கோவிந்தன் ரென்ச்சை ஹெட்டின் மேல் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

"பஸ்ஸு சார்."

"போகட்டும். நடு போல்ட்லேருந்து வாங்க."

தொண்ணூறு முடிய இரண்டே முக்கால் ஆனது. இன்ஜின் ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு போல்ட்களை இன்னொரு முறை இறுக்கியாக வேண்டும். அதனால் லாக் புக்கில் முதல் வரியாக, 'மறு இறுக்கம் பாக்கி. முடியும்வரை பம்ப் லோடு கொடுக்கக் கூடாது' என்று எழுதினேன். முடிந்ததை அதற்குக் கீழே எழுதினேன்.

"கேரியர்ல குந்துங்க சார், உங்க வூட்டாண்ட வுட்டுட்டுப் போறேன்" என்று கோவிந்தன் சைக்கிளை எடுத்தார். டிப்ளமா முதல் வகுப்பு, காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகப் போனது.

பாதி வழியில் திரும்பாமல் கேட்டார்: "ரென்ச்சு பீரோவுலதான சார்?"

"இல்ல. செகண்ட் ஷிஃப்ட்ல கையெழுத்து வாங்கிக்கிட்டுக் குடுத்துட்டேன்."

"அப்படி ஒரு ரூலு கீதா?"

"இல்ல."

ஏ.இ. எழுதி அனுப்பிய வரியை நான் பார்த்ததில்லை. கோவிந்தன் பர்மனென்ட் ஆனார். அந்த ஐப்பசியில் இரண்டு முறை கரண்ட் போனது. இரண்டு முறையும் இன்ஜின் ஓடியது.

இன்று ஷிஃப்ட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். லாக் புக்கில் பாக்கியை முதலில் எழுதுங்கள். உங்களுக்குப் பின் வருகிறவர் அதை நம்பித்தான் சாவியைத் திருப்புகிறார்.