இன்னும் அடிக்காத இரட்டை மணி

போடியை விட்டுக் குரங்கணிப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். தலையில் ஒரு தகரப்பெட்டி, அதன்மேல் சுருட்டி வைத்த கம்பளி. பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டவர்கள் எல்லோரும் கடைசியில் அதைத்தான் கேட்கிறார்கள். மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் சுடுகாட்டுக் கொட்டகையில் படுத்திருக்கிறேன், நன்றாகத் தூங்கியும் இருக்கிறேன். பசியோடு அலைகிறவனுக்குப் பேயை நினைக்க நேரம் ஏது. ஆனாலும் அன்று மலையில் நடந்தது நடந்ததுதான். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போங்கள், எனக்கு வருத்தமில்லை.

அதற்கு முன்னால் போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். மேஸ்திரிக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அவர் என் அம்மாவைச் சொல்லித் திட்டினார், நான் அவர் அம்மாவைச் சொல்லித் திட்டினேன், மறுநாள் விடிந்ததும் பெட்டியைத் தூக்கிவிட்டேன். மலையேறி அந்தப் பக்கம் மலையாளச் சீமைக்குப் போய்விடுவது என்பது எண்ணம். போனால் அங்கே என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இங்கே இல்லை, அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால் நான் மெட்ராஸில் டிராம் கண்டக்டர். இது முக்கியம், கொஞ்சம் கேளுங்கள். டிராமில் இரண்டு மணி உண்டு. ஒன்று டிரைவர் காலால் மிதித்து அடிக்கும் பெரிய மணி, தண்டவாளத்தில் நிற்கிற மாட்டையும் மனிதனையும் விலக்குவதற்கு. இன்னொன்று கண்டக்டர் தலைக்கு மேலே ஓடும் தோல்வாரை இழுத்து அடிக்கும் சின்ன மணி, அது டிரைவருக்கு மட்டும். ஒரு முறை இழுத்தால் நிறுத்து. இரண்டு முறை இழுத்தால் போ. ஒற்றை மணி விழுந்தால் உடனே பிரேக் விழும், அந்த நேரத்தில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவன் குப்புற விழுவான். அதனால் ஒற்றை மணி காதில் பட்டதும் டிராம்காரனின் இரண்டு காலும் தானாகத் தரையில் ஊன்றிக்கொள்ளும். தூக்கத்தில் கேட்டால்கூட ஊன்றும், என் பெண்டாட்டி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவளும் போய்ச் சேர்ந்தாள், டிராமும் நின்றுபோனது. ராயபுரத்து மீன்காரிகளும் ஹைகோர்ட்டுக் குமாஸ்தாக்களும் கொத்தவால் சாவடிக் கூலிகளும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு போன வண்டி ஒருநாள் ஓடவில்லை. தெருவில் கிடந்த தண்டவாளத்தைத் தோண்டி எடுத்துப் பழைய இரும்புக்குக் கொண்டுபோனார்கள். நான் நின்று பார்த்தேன், பிறகு ஊரை விட்டு நடக்க ஆரம்பித்தேன்.

குரங்கணி டீக்கடையில்தான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும், மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். தேவாரம் ஊரில் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு அரிசி மூட்டையோடு திரும்பிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டுப் போறீக தம்பி?"

"மேலே. ஏதாவது வேலை கிடைக்குமான்னு."

"பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சா இல்லையே."

"மெட்ராஸ், அக்கா."

"மெட்ராசுலருந்து ஏலக்காட்டுக்கா? ஏன், அங்கன சோறு தீந்துபோச்சோ?" டீக்கடையே சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு அவளே சொன்னாள், "எங்க தோட்டத்துல ஆளு வேணும்னு கணக்குப்பிள்ளை சொல்லிக்கிட்டிருந்தாக. வாங்க. நீங்க முன்னால போங்க, எனக்குத் தலையில பாரம், குனிஞ்சு தடம் பாக்க முடியாது. மஞ்சு எறங்குச்சுன்னா ஓவ்வுன்னு குரல் குடுத்துக்கிட்டே போகணும். நீங்க குடுத்தாத்தான் நான் கால வைப்பேன், மறந்துறாதீக. ஒத்தத் தடம், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒண்ணுமே கெடையாது."

மூடுபனியைத்தான் அங்கே மஞ்சு என்கிறார்கள். காப்பிச் செடிகளைத் தாண்டி ஏலக்காடு தொடங்கும் இடத்தில் அது இறங்கியது. சாயங்காலம் கூட ஆகவில்லை. நல்ல பகல், ஆனால் நீட்டிய கை தெரியவில்லை. ஐப்பசி மழை நான்கைந்து நாளாகக் கொட்டி அன்று காலைதான் ஓய்ந்திருந்தது, மண் சொதசொதவென்று காலுக்கடியில் நகர்ந்தது. நான் "ஓவ்" என்பேன், பின்னாலிருந்து அவள் "ஓவ்" என்பாள். ஒவ்வொரு தடவையும் அவள் பதில் வந்த பிறகுதான் அடுத்த அடி வைப்பேன். என் குரலை நம்பி ஒருத்தி காலெடுத்து வைக்கிறாள் என்ற எண்ணம் தலையில் இருந்த பெட்டியை விடக் கனத்தது.

அப்போதுதான் டங், டங் என்று முன்னாலிருந்து கேட்டது. பொதிக்கழுதை மணி என்று நினைத்தேன். கழுதை மணி ஓயாமல் கிணுகிணுக்கும், இது அப்படி இல்லை. இரண்டு அடி, ஒரு நிறுத்தம், இரண்டு அடி. யாரோ காலால் மிதித்து அடிக்கிற மணி. நான் நின்று காதைக் கொடுத்தேன். அடுத்தபடியாக வளைவில் திரும்பும் சக்கரம் தண்டவாளத்தில் உரசுகிற அந்தக் கிறீச்சிடல், பல் கூசும், அதை டிராம்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சூடான இரும்பு நாற்றம் வந்தது, அதோடு உப்புக் காற்று. கடலுக்கும் அந்த மலைக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும்.

பயமாக இருந்ததா என்றால், அந்த நேரத்தில் இல்லை. வண்டி போய்விடப்போகிறது என்ற பதற்றம்தான் இருந்தது. நடையை எட்டிப் போட்டேன். "ஓவ்" சொல்ல மறந்துபோனேன். பேச்சியம்மாள் பின்னாலிருந்து கத்துவது ஏதோ பக்கத்துத் தெருவில் கத்துவதுபோல் கேட்டது.

மஞ்சுக்குள் மஞ்சள் விளக்கு தெரிந்தது. ஜன்னல் ஜன்னலாகத் தெரிந்தது. படியில் தொங்குகிற ஆட்களின் முதுகு, ஒரு குடை, ஒரு முண்டாசு. எல்லாம் நான் பார்த்த முதுகுகள்தான், பேர் தெரியாது. வண்டி மெதுவாக வளைவில் போய்க்கொண்டிருந்தது, பின்புறம் கண்டக்டர் நிற்கிற இடம் காலியாக இருந்தது. படியோரம் உட்கார்ந்திருந்த மீன்காரி ஒருத்தி கூடையை நகர்த்தி இடம் விட்டாள்.

"இன்னா நைனா, ஒன்னிய எங்கெல்லாம் தேடறது? ஓடியா, ஏறிக்கோ."

ஏறுவதற்குக் காலைத் தூக்கினேன்.

ஒற்றை மணி விழுந்தது. சின்ன மணி, தலைக்கு மேலே, ணங் என்று.

இரண்டு காலும் தரையில் ஊன்றிக்கொண்டன. நான் ஊன்றவில்லை, அவையே ஊன்றிக்கொண்டன. விளக்கு அணைந்ததா, மஞ்சு மூடியதா தெரியவில்லை, முன்னால் வெறும் வெள்ளை. பிறகு கீழிருந்து ஒரு காற்று வந்து மஞ்சைக் கிழித்தது. என் கால்விரல்களுக்கு அப்பால் தடம் இல்லை. பாதையோடு சேர்ந்து மலையின் ஒரு பக்கமே சரிந்து போயிருந்தது, அறுந்த வேர்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

பேச்சியம்மாள் என் முதுகை ஒட்டி நின்றிருந்தாள், மூச்சு என் கழுத்தில் பட்டது. ஒரு கல்லைக் காலால் தள்ளிவிட்டாள். அது விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

"ஆத்தாடி. தடத்தையே காணோமே." பிறகு வந்தது வசவு. "ஏன்யா, கிறுக்குப் பிடிச்சுப்போச்சா ஒமக்கு? குரல் குடுக்காம நீரு பாட்டுக்கு ஓடுனா நான் எதைப் பிடிச்சு வர்றது? ரெண்டு பேரும் போயிருப்பமே! நல்ல வேளை, மணியாவது அடிச்சீரு. அதைக் கேட்டுத்தான் நின்னேன்."

"நான் எங்கேக்கா அடிச்சேன்?"

"அடிச்சீரேய்யா. ஒம்ம முதுகுக்கிட்ட வந்துட்டேன், என் கண்ணால பாத்தேன். வலது கையத் தூக்கி மேல எதையோ பிடிச்சு இழுத்தீரு, ணங்குன்னுச்சு. மணிய அந்தப் பொட்டிக்குள்ளயா வச்சிருக்கீரு?"

பெட்டியை நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். இன்றைக்கும் எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அங்கேயே இறக்கித் திறந்து காட்டினேன். இரண்டு வேட்டி, ஒரு சட்டை, ஒரு அலுமினிய டம்ளர். அவள் துணியை உதறிப் பார்த்தாள், டம்ளரை விரலால் சுண்டிப் பார்த்தாள். அது வேறு சத்தம். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டாள்.

"வாயப் பொத்திக்கிட்டு வாரும். மேல யாருட்டயும் மூச்சு விட்றாதீரு, பாதிப்பேரு இன்னைக்கே மூட்டையக் கட்டிருவாக. காய் எடுக்க ஆள் இருக்காது."

மேலே ஏலச்செடிகளுக்குள் புகுந்து, கிளையைப் பிடித்துப் பிடித்து ஏறி, விளக்கு வைக்கும் நேரத்தில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இந்தத் தடவை அவள் முன்னால், நான் பின்னால். யார் வீட்டுக் கஞ்சியோ குடித்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. உயிர் தப்பியதை நினைத்து அல்ல. ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. ஒற்றை மணி விழுந்து வண்டி நின்றது. போகச் சொல்லி இரட்டை மணி விழவில்லை. கண்டக்டர் அடிக்காமல் எந்த வண்டியும் கிளம்பாது. அப்படியென்றால் அந்த முண்டாசுக்காரனும் மீன்காரியும் எல்லோரும் அந்தச் சரிவின் ஓரத்தில்தான் இன்னும் நிற்கிறார்கள். வண்டிக்கு முன்னால் ரோடு கிடையாது. கிறுக்குத்தனமான எண்ணம், எனக்கே தெரியும். படுத்துப் பாருங்கள் அப்படி ஓர் எண்ணத்தோடு.

காலையில் கணக்குப்பிள்ளை கூப்பிட்டனுப்பினார். மலையாளம் கலந்து பேசுகிற மனிதர், கழுத்தைச் சுற்றி மப்ளர்.

"மெட்ராசில் என்ன சோலி பார்த்தே?"

"டிராம்ல கண்டக்டருங்க."

"அடடா, அப்போ மணி அடிக்கான் அறியுமே!" அவர் சொன்ன நகைச்சுவைக்கு அவரே சிரித்தார். "காலையில் ஆட்களைக் கூட்ட மணி அடிக்கணும். பின்னே காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போடணும். மனசிலாச்சா? நீ வேண்டாம்னா சொல்லு, அந்த மாடசாமிப் பயலை அடிக்கச் சொல்றேன். அவன் ரெண்டு தட்டு தட்டிட்டு நின்னுருவான், ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான்."

ஆட்கள் கூடும் களத்தில் ஒரு மரக்கிளையில் இரும்புத் துண்டு தொங்கியது. நேற்றுத்தான் கட்டியதாம், இன்னும் யாரும் அடிக்கவில்லையாம், பழைய மணி வெடித்துப்போனதால் மதுரையில் பழைய இரும்புக் கடையில் வாங்கி, மழைக்கு முன்னால் கழுதைமேல் ஏற்றி அந்தத் தடத்தில்தான் கொண்டுவந்தார்களாம். கிட்டே போனேன். தண்டவாளத் துண்டு. ரயில் தண்டவாளத்தின் தலை வழவழவென்று இருக்கும். இதன் தலையில் நடுவே ஒரு பள்ளம் ஓடியது. தெருவோடு தெருவாகப் பதிக்கிற தண்டவாளத்தில்தான் அந்தப் பள்ளம் இருக்கும், சக்கரத்தின் விளிம்பு அதில் இறங்கி ஓடும். பள்ளத்துக்குள் விரலை விட்டேன். ஈரமாக இருந்தது. பனி என்றுதான் நினைத்தேன். நாக்கில் வைத்துப் பார்த்தபோது உப்புக் கரித்தது.

அந்தப் பக்கம் போகிற எண்ணத்தை அங்கேயே விட்டேன். வேலைக்குச் சம்மதம் என்று சொல்லிச் சுத்தியலை வாங்கிக்கொண்டேன். மாடசாமி கையில் அதைக் கொடுக்க முடியாது, இல்லையா.

முதல் அடி அடித்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. கீழே சரிவு முழுக்க மஞ்சு, வெள்ளையாக, அசையாமல்.

"என்னடோ, நின்னுட்டே? அடி!"

இரண்டோடு நின்றால் அது போகச் சொல்கிற மணி, அதனால் இரண்டாவது அடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் துளிகூட இடைவெளி விழக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓங்கினேன். இரண்டாவது விழுந்தது. அந்த ஒரு கண நேரத்தில் என் உள்ளங்காலுக்கு அடியில் மண் லேசாக அதிர்ந்தது, வண்டி கிளம்புவதற்கு முன்னால் அதிருமே, அதே அதிர்வு. புது மணியைப் பார்க்க வந்த கூட்டத்தில் நின்றிருந்த பேச்சியம்மாள் தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

மூன்றாவதை அடித்துவிட்டேன்.